காரணமும் விளைவும் ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி: ‘சோ’விலிருந்து ‘அன்லெஸ்’ வரை ஒரு முழுமையான வழிகாட்டி

காரணத்தையும் விளைவையும் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் நம் பிள்ளைகளுக்குத் தெரியாதவை அல்ல. தரம் 10க்கு வருவதற்குள் பிகாஸ், சோ, தேர்ஃபோர், டியூ டு, அஸ் எ ரிசல்ட் எல்லாம் கொப்பியில் பட்டியலாக ஏறியிருக்கும். எழுத உட்காரும்போதுதான் சிக்கல். பட்டியலில் எந்தச் சொல் பெரிதாகத் தெரிகிறதோ அதை முதலில் எடுக்கிறார்கள். அப்புறம் அதற்கு முன்னும் பின்னும் என்ன போடுவது என்று தேடுகிறார்கள்.

இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். எது எதற்குக் காரணம், எந்த வகைக் காரணம் என்பது முதலில். வாக்கிய அமைப்பு அடுத்தது. சொல் கடைசியில். சா/த (சாதாரண தர), உ/த (உயர்தர) ஆங்கிலப் பேப்பர் எழுதுகிறவர்களையும், லயத்து வீடு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு), பாதை, பஸ், சம்பளம் என்று ஏதாவது ஒன்றுக்காக ஊராருக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுக்கும் இளைஞர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு கொப்பி, ஒரு பென்சில். பென்சில் என்று சொல்வதற்குக் காரணம், இரண்டாம் படியில் நிறைய அழித்து எழுத வேண்டியிருக்கும்.

இறந்தகால வாக்கியம் ஒன்றைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். “த பஸ் கேம்”, “த பஸ் டிட் நொட் கம்” என்ற அளவு போதும். இதில் தடுமாற்றம் இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். இணைப்புச் சொல் இரண்டு வாக்கியங்களைக் கட்டுகிறது; வாக்கியமே ஆடினால் கட்டு நிற்காது.

ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்துவிட்டு, கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். காது பழகினால் தவறான சேர்க்கை வரும்போது தானாகவே உறுத்தும்.

1. தமிழில் எழுதி, துண்டு துண்டாக வெட்டுங்கள்

முதலில் தமிழ் வாக்கியம்: “இரவு முழுக்க மழை பெய்து, பாதையில் மண் சரிந்து, முதல் பஸ் வரவில்லை.”

இதில் மூன்று சம்பவங்கள் இருக்கின்றன. மூன்றையும் தனித்தனி ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். “இட் ரெய்ன்ட் ஓல் நைட்.” “எர்த் ஃபெல் ஒன் த ரோட்.” “த ஃபர்ஸ்ட் பஸ் டிட் நொட் கம்.” இணைப்புச் சொல் எதுவும் இன்னும் வேண்டாம்.

ஏன் இப்படி வெட்ட வேண்டும்? தமிழில் ‘பெய்து’, ‘சரிந்து’ என்ற வினையெச்சங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கோத்துவிடும். ‘சரிந்து’ என்பது ‘சரிந்த பிறகு’ என்றும் இருக்கலாம், ‘சரிந்ததால்’ என்றும் இருக்கலாம். தமிழில் இரண்டையும் திறந்தபடி விட்டுவிடலாம், கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். வெட்டாமல் நேரே எழுதுகிறவர்கள் எல்லா இடத்திலும் ‘அண்ட்’ போட்டு முடித்துவிடுவதை நிறையப் பார்க்கலாம்.

துண்டுகளுக்கு இடையே அம்புக்குறி போடுங்கள். காரணத்திலிருந்து விளைவை நோக்கி அம்பு போகட்டும். திசை தெரியாத இடத்தில் அம்பு போடாதீர்கள். அங்கே வெறும் வரிசைதான் இருக்கிறது, காரணம் இல்லை.

2. அம்பு எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

இதுதான் முக்கியமான படி. பெரும்பாலோர் இதைத் தாண்டிவிடுகிறார்கள்.

முதல் வகை, நடந்தது ஒன்று, அதனால் நடந்தது இன்னொன்று. மண் சரிந்தது, பஸ் வரவில்லை. இரண்டும் வெளியே உலகத்தில் நடந்தவை.

இரண்டாவது வகை, தெரிந்தது ஒன்று, அதிலிருந்து நாம் அறிந்துகொண்டது இன்னொன்று. ஆற்றில் கலங்கல் தண்ணீர் ஓடுகிறது; மேலே மலையில் மழை பெய்திருக்கிறது. கலங்கல் தண்ணீர் மழையை உண்டாக்கவில்லை. மழைதான் தண்ணீரைக் கலக்கியது. ஆனால் நம் அறிவு கலங்கலில் தொடங்கி மழைக்குப் போகிறது. சம்பவத்தின் அம்பும் சிந்தனையின் அம்பும் இங்கே எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன.

மூன்றாவது வகை, இன்னும் நடக்காதது. நடந்தால் இன்னொன்று நடக்கும். மழை தொடர்ந்தால் பாதையை மூடுவார்கள்.

முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் தமிழில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்: ‘பெய்ததால்’, ‘பெய்தால்’. எழுதும் வேகத்தில் அந்த ஒரு ‘த’ விழுந்துபோகும். ஆங்கிலத்திலோ ஒன்றுக்கு ‘பிகாஸ்’ அல்லது ‘சின்ஸ்’, மற்றதற்கு ‘இஃப்’. ஒன்று நடந்துவிட்டது, மற்றது நடக்கலாம். மாற்றிப் போட்டால் செய்தியே பொய்யாகிவிடும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளில் இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரும். கடந்த 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டியிருப்பதால், மழை தொடர்ந்தால், அவதானமாக இருங்கள் என்பது முதல் மட்ட எச்சரிக்கையின் சாரம். ஆங்கிலத்தில் தாண்டிவிட்ட மழைக்கு ‘சின்ஸ்’, தொடரக்கூடிய மழைக்கு ‘இஃப்’. 100 மில்லிமீற்றரில் அடுத்த மட்டம், 150இல் வெளியேறும் மட்டம். நம் மலையகப் பகுதியில் இந்த அறிவித்தலைச் சரியாக வாசிக்கத் தெரிவது பரீட்சைப் புள்ளியைவிடப் பெரிய விஷயம். ‘சின்ஸ்’ பகுதியை ‘இஃப்’ ஆக வாசிக்கிறவர், “இன்னும் அந்த அளவு பெய்யவில்லைபோல” என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்.

எந்த வகை என்று தெரியாவிட்டால் தமிழிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டாம் துண்டுக்கு முன் ‘அதன் விளைவாக’ என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் முதல் வகை. அது பொருந்தாமல் ‘அதை வைத்துப் பார்த்தால்’ என்பது பொருந்தினால் இரண்டாம் வகை. “ஆறு கலங்கி ஓடுகிறது, அதன் விளைவாக மலையில் மழை பெய்தது” என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ‘அஸ் எ ரிசல்ட்’ என்பதைப் பார்க்காமல் போடுகிறவர்கள் ஆங்கிலத்தில் இதையேதான் எழுதிவிடுகிறார்கள்.

3. ‘சோ’, ‘பிகாஸ்’ இரண்டையும் முதலில் கைக்குக் கொண்டுவாருங்கள்

பெரிய சொற்களைத் தள்ளி வையுங்கள். இந்த இரண்டும் உறுதியானால் மற்றவை இவற்றின் மேல்தான் ஏறும்.

காரணம் முன்னால் வந்தால் ‘சோ’: “த ரோட் வாஸ் ப்ளொக்ட், சோ த பஸ் டிட் நொட் கம்.” விளைவு முன்னால் வந்தால் ‘பிகாஸ்’: “த பஸ் டிட் நொட் கம் பிகாஸ் த ரோட் வாஸ் ப்ளொக்ட்.”

தமிழில் காரணம் பெரும்பாலும் முன்னால்தான் வரும். அதனால் பிள்ளைகளின் ஆங்கிலத்தில் ‘சோ’ குவிந்துகிடக்கும், ‘பிகாஸ்’ அரிதாகவே வரும். ஆங்கிலத்தில் புதிய செய்தியை வாக்கியத்தின் கடைசியில் வைப்பது வழக்கம். பஸ் வராதது எல்லாருக்கும் தெரியும், ஏன் என்பதுதான் தெரியாது என்றால் ‘பிகாஸ்’ வாக்கியம். பாதை அடைபட்டது தெரியும், அதனால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல வேண்டும் என்றால் ‘சோ’ வாக்கியம். வாசிப்பவருக்கு எது தெரியும் என்று கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

அடிக்கடி வரும் பிழைகளில் முதலாவது இரட்டைக் கட்டு: “பிகாஸ் த ரோட் வாஸ் ப்ளொக்ட், சோ த பஸ் டிட் நொட் கம்.” ஓர் இணைப்புக்கு ஒரு சொல்தான். எதை எடுக்கிறீர்களோ எடுங்கள், ஒன்று போக வேண்டும்.

இரண்டாவது, அந்தரத்தில் நிற்கும் ‘பிகாஸ்’. தமிழில் “நான் வரவில்லை. ஏனென்றால் மழை பெய்தது.” என்று முற்றுப்புள்ளி வைத்து எழுதலாம். அதே பழக்கத்தில் “ஐ டிட் நொட் கம். பிகாஸ் இட் ரெய்ன்ட்.” என்று எழுதுகிறார்கள். பேச்சில் சரி. பரீட்சையிலும் கடிதத்திலும் இரண்டாவது பகுதி அரை வாக்கியம். நடுவில் உள்ள புள்ளியை எடுத்துவிட்டால் போதும்.

மூன்றாவது மறைந்திருந்து கடிக்கும். “ஐ டிட் நொட் லீவ் ஸ்கூல் பிகாஸ் வி வேர் புவர்.” இதற்கு இரண்டு பொருள்: வறுமை காரணமாகத்தான் பாடசாலையை விடாமல் படித்தேன் என்பது ஒன்று, பாடசாலையை விட்டேன், ஆனால் காரணம் வறுமை இல்லை என்பது மற்றது. ‘நொட்’ உள்ள வாக்கியத்துக்குப் பின்னால் ‘பிகாஸ்’ வந்தால் ஒருமுறை நின்று பாருங்கள். குழப்பம் இருந்தால் ‘பிகாஸ்’ பகுதியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். அல்லது ‘சோ’ போட்டுத் திருப்புங்கள்.

4. பின்னால் வருவது பெயரா, வாக்கியமா?

‘பிகாஸ்’ வாக்கியத்தைக் கேட்கும். ‘பிகாஸ் ஒஃப்’, ‘டியூ டு’, ‘ஓயிங் டு’, ‘அஸ் எ ரிசல்ட் ஒஃப்’ நான்கும் பெயரை மட்டும் கேட்கும். விதி இவ்வளவுதான். பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது.

“டியூ டு த பஸ் வாஸ் லேட்” என்பது பிழை. ‘வாஸ்’ என்ற வினை உள்ளே இருக்கிறது, ஆகவே அது வாக்கியம். “பிகாஸ் த பஸ் வாஸ் லேட்” என்று எழுதலாம். ‘டியூ டு’தான் வேண்டும் என்றால் வாக்கியத்தைப் பெயராக மாற்றுங்கள்: “டியூ டு த லேட் பஸ்” அல்லது “டியூ டு த டிலே”.

பெயராக மாற்றுவதுதான் இங்கே பயிற்சி. “இட் ரெய்ன்ட் ஹெவிலி” என்பது “ஹெவி ரெய்ன்” ஆகும். “த ரோட் வாஸ் க்ளோஸ்ட்” என்பது “த க்ளோசிங் ஒஃப் த ரோட்” ஆகும். “மை மதர் வாஸ் சிக்” என்பது “மை மதர்ஸ் இல்னஸ்” ஆகும். தினமும் சில வாக்கியங்களை இப்படி மாற்றிப் பழகினால், அப்புறம் வரும் ‘லீட் டு’, ‘ரிசல்ட் இன்’ எல்லாம் சுலபமாகிவிடும், ஏனென்றால் அவையும் பெயரைத்தான் கேட்கின்றன.

பெயர் கிடைக்காதவர்கள் ‘டியூ டு த ஃபக்ட் தட்’ என்று போட்டுத் தப்பிக்கிறார்கள். இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் நான்கு சொல் கூடுதலாக எழுதி ‘பிகாஸ்’ செய்யும் வேலையைத்தான் செய்கிறது. ‘பிகாஸ்’ போடுங்கள்.

5. ‘தேர்ஃபோர்’ குடும்பம்: குறியீட்டைக் கவனியுங்கள்

தேர்ஃபோர், அஸ் எ ரிசல்ட், கொன்சிகுவென்ட்லி மூன்றும் இரண்டு வாக்கியங்களை ஒட்டும் வலு இல்லாதவை. ‘சோ’ போல ஒரு கமாவோடு நடுவில் நிற்க அவற்றால் முடியாது.

“த ரோட் வாஸ் ப்ளொக்ட், தேர்ஃபோர் த பஸ் டிட் நொட் கம்” என்பதற்குப் புள்ளி குறையும். ‘ப்ளொக்ட்’டுக்குப் பின் முற்றுப்புள்ளி வைத்து, அடுத்த வாக்கியத்தைத் ‘தேர்ஃபோர்’ என்று தொடங்கி, அதற்குப் பின் கமா போடுங்கள். அரைப்புள்ளியும் போடலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முற்றுப்புள்ளிதான் பாதுகாப்பு.

‘அஸ் எ ரிசல்ட்’ முதல் வகைக்கு மட்டும். ‘தேர்ஃபோர்’ முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் பொருந்தும். எது என்று சந்தேகம் வந்தால் ‘தேர்ஃபோர்’ எடுங்கள்.

கடிதங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. “தேர்ஃபோர் ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ” என்று கடைசிப் பந்தி தொடங்கும், நம் ‘ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து’ என்பதன் இடத்தில். அது தவறில்லை. ஆனால் அதற்கு மேலே காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். தன் பெயர், முகவரி, தோட்டத்தின் பெயர், டிவிஷன் எல்லாம் எழுதிவிட்டு நேரே ‘தேர்ஃபோர்’ என்று வரும் கடிதங்கள் நிறைய. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர், எதனால் என்று தேடிப் பார்த்துவிட்டுக் கடிதத்தை ஓரத்தில் வைத்துவிடுவார். கேட்பது நம் உரிமையாக இருந்தாலும் காரணத்தை நாம்தான் எழுத வேண்டும். ‘தேர்ஃபோர்’ எழுதியதும் மேலே விரலை வைத்து, எந்த வாக்கியத்திலிருந்து இது வருகிறது என்று காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை எழுதிச் சேருங்கள்.

‘ஹென்ஸ்’, ‘தஸ்’ இரண்டையும் வாசிக்கும்போது அடையாளம் கண்டால் போதும். எழுத அவசரப்பட வேண்டாம்.

6. வினைச்சொல்லாக வரும் காரணம்

‘லீட் டு’: காரணம் முன்னால், விளைவு பின்னால். இறந்தகாலம் ‘லெட்’. எழுதும்போது நடுவில் ‘ஏ’ எழுத்து வராது. அதைச் சேர்த்து எழுதுவது மிகச் சாதாரணமான எழுத்துப்பிழை.

‘ரிசல்ட் இன்’ என்பதும் காரணத்திலிருந்து விளைவுக்குப் போகும். ‘ரிசல்ட் ஃப்ரொம்’ நேர் எதிர், விளைவிலிருந்து காரணத்துக்கு. “ஹெவி ரெய்ன் ரிசல்டட் இன் எ லேண்ட்ஸ்லைட்.” “த லேண்ட்ஸ்லைட் ரிசல்டட் ஃப்ரொம் ஹெவி ரெய்ன்.” முதல் படியில் போட்ட அம்புக்குறியைப் பார்த்தால் எது வேண்டும் என்று தெரிந்துவிடும். ‘ரிசல்டட் டு’ என்று ஒன்று இல்லை. ‘லீட் டு’வின் வாலைப் பிடித்து வரும் பிழை அது.

‘கோஸ்’ என்ற வினை பெரும்பாலும் கெட்டதோடுதான் சேரும்: சேதம், தாமதம், நோய், விபத்து. “த நியூ டீச்சர் கோஸ்ட் குட் ரிசல்ட்ஸ்” என்றால் இலக்கணம் சரி, ஆனால் ஆங்கிலம் தெரிந்தவர் காதில் ஏதோ கேடு நடந்ததுபோல் விழும். நல்லதுக்கு ‘லெட் டு’ போடலாம், ‘ப்ராட் அபவுட்’ போடலாம். ‘கோஸ்’க்குப் பின் ‘ஃபோர்’ போட்டு வினையாக எழுதுவதும் வேண்டாம். தமிழில் ‘விபத்துக்குக் காரணமானது’ என்று ‘கு’ வருவதால் இந்தப் பிழை வருகிறது.

பெயர்ச்சொல்லாக வரும்போது ‘த கோஸ் ஒஃப் த எக்ஸிடென்ட்’, ‘த ரீசன் ஃபோர் த டிசிஷன்’. சம்பவத்துக்குக் ‘கோஸ்’, மனிதர் எடுத்த முடிவுக்கு ‘ரீசன்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

‘அஃபெக்ட்’ வினை, ‘எஃபெக்ட்’ பெயர். “த ரெய்ன் அஃபெக்டட் த கொழுந்து” என்று பேசும்போது கலந்து பேசினாலும், எழுதும்போது முதல் எழுத்து ஏயா, ஈயா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7. எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்?

இதுவரை சொன்னது இலக்கணம். இனி வருவது பொறுப்பு. கட்டுரையில் முழுப் புள்ளி எடுக்கிறவர்களையும் மற்றவர்களையும் பிரிக்கும் இடமும் இதுதான் என்பது என் கணிப்பு.

2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு இலங்கையின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 299 மில்லியன் கிலோ. 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோ. “த பேன் கோஸ்ட் த ஃபோல்” என்று எழுதலாமா? தடைதான் ஒரே காரணம் என்று அது சொல்லிவிடும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடும் மின்வெட்டும் இருந்தன. அதனால் ‘கொன்ட்ரிபியூட்டட் டு’ பொருத்தமானது: தடைக்கும் பங்கு இருக்கிறது, வேறு காரணங்களுக்கும் இடம் இருக்கிறது. பெரிய பங்கு என்று சொல்ல வேண்டுமா, “வாஸ் எ மேஜர் கோஸ் ஒஃப்” என்று எழுதுங்கள். ‘எ’ இருக்கும் இடத்தில் ‘த’ போட்டால் வேறு பெரிய காரணமே இல்லை என்று ஆகிவிடும்.

இன்னொன்று, மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. இதைப் பற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் “மெனி பீப்பிள் டைட் டியூ டு ஹெவி ரெய்ன்” என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இலக்கணம் சரி. ஆனால் அம்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மழை மண்ணைச் சரித்தது. சரிந்த மண் லயங்களை மூடியது. மக்கள் இறந்ததற்கு, ஆபத்து தெரிந்திருந்தும் அவர்கள் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்ததும் காரணம். “த ரெய்ன் கோஸ்ட் த லேண்ட்ஸ்லைட், பட் பீப்பிள் டைட் பிகாஸ் தே வேர் ஸ்டில் லிவிங் தேர்.” இரண்டு சொற்கள், இரண்டு வேறு அம்புகள். முதல் வாக்கியம் வானத்தைக் கைகாட்டிவிட்டு நகர்கிறது. இரண்டாவது, ஏன் இன்னும் அங்கே இருந்தார்கள் என்ற அடுத்த கேள்வியைத் திறக்கிறது. நம் ஊர் அனர்த்தங்களைப் பற்றி எழுதும்போது ‘டியூ டு’ போட்டு அவசரமாக மூடாதீர்கள் என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

உறுதியைக் குறைக்க ‘மே ஹேவ்’ போதும்: “திஸ் மே ஹேவ் லெட் டு”. நேரில் பார்த்ததற்கும் பதிவான உண்மைக்கும் அது வேண்டாம். ஊகத்துக்கு மட்டும்.

8. ஊகத்தை எழுதுவது

இரண்டாம் வகை அம்புக்கு ஆங்கிலத்தில் ‘மஸ்ட் ஹேவ்’ கைகொடுக்கும். “த ரிவர் இஸ் மடி, சோ இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் இன் த ஹில்ஸ்.”

இங்கே தமிழர்களுக்கே உரிய ஒரு பிழை உண்டு. ‘மழை பெய்திருக்க வேண்டும்’ என்ற தமிழ்த் தொடருக்கு இரண்டு பொருள். பெய்தது நிச்சயம் என்பது ஒன்று. பெய்ய வேண்டிய காலம், ஆனால் பெய்யவில்லை என்பது மற்றது. ஆங்கிலத்தில் முதலாவதுக்கு ‘மஸ்ட் ஹேவ்’, இரண்டாவதுக்கு ‘ஷுட் ஹேவ்’. “இட் ஷுட் ஹேவ் ரெய்ன்ட்” என்று எழுதினால் மழையே பெய்யவில்லை என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். நடந்திருக்கவே முடியாது என்பதற்குக் ‘கான்ட் ஹேவ்’.

‘இம்ப்ளை’, ‘இன்ஃபர்’ இரண்டும் வாசிப்புக் கேள்விகளில் வரும். எழுதியவர் வெளிப்படையாகச் சொல்லாமல் உணர்த்துவது ‘இம்ப்ளை’. வாசிப்பவர் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ‘இன்ஃபர்’. “வட் டஸ் த ரைட்டர் இம்ப்ளை?” என்று கேட்டால் விடை “த ரைட்டர் இம்ப்ளைஸ் தட்” என்று தொடங்கும். “வட் கேன் யூ இன்ஃபர்?” என்றால் “ஐ கேன் இன்ஃபர் தட்”. யார் செய்கிறார் என்று பார்த்தால் போதும்.

‘திஸ் மீன்ஸ் தட்’ எளிய சொல், ஆனால் மிகவும் உதவும். நிரந்தரத் தொழிலாளர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று ஓர் அறிவித்தல் சொன்னால், தற்காலிகத் தொழிலாளர் விண்ணப்பிக்க முடியாது என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. அங்கே ‘திஸ் மீன்ஸ் தட்’ சரி. ‘அஸ் எ ரிசல்ட்’ போட்டால் பிறகு நடந்த ஒரு சம்பவம்போல ஆகிவிடும்.

9. ‘இஃப்’ ஒரு வழிப் பாதை

“இஃப் த ரோட் இஸ் ப்ளொக்ட், த பஸ் டஸ் நொட் கம்.” சரி. இன்று பஸ் வரவில்லை. ஆகவே பாதை அடைபட்டிருக்கிறது என்று சொல்லலாமா? முடியாது. பஸ் பழுதாகியிருக்கலாம், சாரதி வராதிருக்கலாம். ‘இஃப்’ போட்ட அம்பில் பின்னோக்கிப் போக முடியாது. ஆனால் பஸ் வந்துவிட்டால் பாதை அடைபடவில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். இந்த இரண்டையும் பிரித்தறிவது ஆங்கிலத்தில் மட்டுமல்ல, கணிதத்திலும் உதவும்.

‘ஓன்லி இஃப்’ வந்தால் அம்பு மாறும். உ/த மூன்று பாடங்களிலும் சித்தி பெற்றால்தான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம்: “யூ கேன் அப்ளை ஓன்லி இஃப் யூ பாஸ் த்ரீ சப்ஜெக்ட்ஸ்.” சித்தி இல்லாமல் முடியாது என்று மட்டுமே இது சொல்கிறது. சித்தி பெற்றாலே இடம் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி வேண்டும், வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். ‘ஓன்லி’ என்ற ஒரு சொல்லைக் கவனிக்காமல் அறிவித்தல்களை வாசித்து நம்பிக்கை வைத்துவிடும் குடும்பங்கள் உண்டு. தமிழில் ‘தான்’ செய்யும் வேலையை இங்கே ‘ஓன்லி’ செய்கிறது: ‘பெற்றால்’ வேறு, ‘பெற்றால்தான்’ வேறு.

‘அன்லெஸ்’ என்பதற்குள்ளேயே எதிர்மறை இருக்கிறது, நம் ‘ஆவிட்டால்’. நிர்ணயித்த கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்பதை “அன்லெஸ் ஷீ ப்ளக்ஸ் த ஃபுல் வெயிட், ஷீ கெட்ஸ் ஹாஃப் எ டேஸ் பே” என்று எழுதலாம். ‘அன்லெஸ்’ பக்கத்தில் ‘டஸ் நொட்’ சேர்த்துவிட்டால் பொருள் தலைகீழாகி, முழுக் கிலோ பறித்தவருக்கு அரைச்சம்பளம் என்று வந்துவிடும்.

‘இஃப்’, ‘அன்லெஸ்’ பகுதிக்குள் எதிர்காலத்தைக் காட்ட ‘வில்’ போட வேண்டாம். “இஃப் இட் ரெய்ன்ஸ்” போதும். ‘வில்’ மற்றப் பகுதியில் வரட்டும்.

‘அதர்வைஸ்’ என்றால் ‘இல்லாவிட்டால்’. கட்டளைக்கோ ஆலோசனைக்கோ பின்னால் அது நன்றாக நிற்கும்.

நோக்கம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் விளைவோடு குழப்ப வேண்டாம். “ஷீ லெஃப்ட் ஏர்லி சோ தட் ஷீ குட் கெட் த பஸ்” என்றால் பஸ்ஸைப் பிடிப்பதற்காகக் கிளம்பினாள். பிடித்தாளா என்பது தெரியாது. ‘சோ’ மட்டும் போட்டு “சோ ஷீ கொட் த பஸ்” என்றால் பிடித்துவிட்டாள்.

10. விளைவுக்குப் பெயர்கள்

‘ரிசல்ட்’ பொதுவானது. ‘அவுட்கம்’ ஒரு முயற்சியோ கூட்டமோ பேச்சுவார்த்தையோ எப்படி முடிந்தது என்பதற்கு. ‘கொன்சிகுவென்ஸ்’ பெரும்பாலும் விரும்பாத விளைவு. பரிசு கிடைத்ததைக் ‘கொன்சிகுவென்ஸ்’ என்று எழுதாதீர்கள். ‘இம்ப்ளிகேஷன்’ இன்னும் வெளிப்படையாக வராதது, ஒரு முடிவுக்குள் ஒளிந்திருந்து பின்னால் வரக்கூடியது. சம்பள உயர்வோடு நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கிலோவும் கூடுமா என்று கேட்பது ‘இம்ப்ளிகேஷன்’ பற்றிய கேள்வி. ‘ஆஃப்டர்மத்’ அனர்த்தத்துக்குப் பிந்திய காலம்.

11. எழுதி முடித்த பின் பார்க்க வேண்டியவை

ஒவ்வொரு இணைப்புச் சொல்லின் கீழும் கோடு போடுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று வாசியுங்கள். ‘ஒஃப்’, ‘டு’, ‘இன்’, ‘ஃப்ரொம்’ என்று முடிந்தால் வலப்பக்கத்தில் வினை இருக்கக்கூடாது. ‘தேர்ஃபோர்’, ‘அஸ் எ ரிசல்ட்’ என்றால் இடப்பக்கத்தில் கமா மட்டும் இருக்கக்கூடாது.

அப்புறம் முதல் படியில் போட்ட அம்புகளோடு ஒப்பிடுங்கள். திசை மாறியிருந்தால் அநேகமாக ‘ரிசல்ட் இன்’னுக்கும் ‘ரிசல்ட் ஃப்ரொம்’முக்கும் இடையில்தான் மாறியிருக்கும்.

பக்கத்தில் ‘சோ’ அடுத்தடுத்து வந்திருந்தால் ஒன்றைப் ‘பிகாஸ்’ ஆக்கி வாக்கியத்தைத் திருப்புங்கள். இன்னொன்றை முழுவதுமாக எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். “த ரோட் வாஸ் ப்ளொக்ட். வி வோக்ட் டு ஸ்கூல்.” தொடர்பு தானாகவே விளங்கினால் அங்கே சொல்லே வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.